நடைப்பயிற்சி ஆப் செய்யும் மாணவர்களுக்கு: எதை முதலில், எதைக் கடைசியில்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டால், ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு குழு நடைப்பயிற்சி ஆப் என்று வந்து நிற்கும். தலைப்பில் குறையில்லை, குறை வரிசையில். லாகின் திரையில் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் லோகோ, நிறம், நண்பர்கள் பட்டியல், தரவரிசை. நடையை அளக்கும் வேலைக்கு வரும்போது கடைசி மாதம் ஆகிவிடுகிறது. போனைப் பையில் போட்டுத் திரையை அணைத்தால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. மாற்றி எழுத நேரம் இருக்காது.

இங்கே வரிசை தலைகீழ். ஒரே ஒரு நடையைத் தொடங்கி, முடித்து, சரியாகப் பதிவு செய்ய முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். உதாரணங்கள் ஆண்ட்ராய்டை வைத்துச் சொல்லப்பட்டவை. ஃபிளட்டரில் (கூகுளின் ஆப் எழுதும் கருவி) எழுதினாலும் அடியில் இருப்பது அதே சென்சார், அதே கட்டுப்பாடுகள்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

நிஜ போன் குறைந்தது இரண்டு வேண்டும், வெவ்வேறு கம்பெனியுடையவை. ஒன்று விலை குறைந்த, கொஞ்சம் பழைய போனாக இருந்தால் நல்லது. எமுலேட்டரை (கணினியில் ஓடும் போலி போன்) எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. தவிர, காலடி எண்ணும் சென்சார் எல்லா போனிலும் இருப்பதில்லை. இல்லாத போனில் உங்கள் ஆப் என்ன சொல்லும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

கையால் எண்ண ஒரு கவுண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் வாசல் கடைகளில் ஜெபம் எண்ண விரலில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கவுண்டர் கிடைக்குமே, அதுவே போதும். வாயால் எண்ணினால் இருநூறைத் தாண்டுவதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள்.

தூரம் தெரிந்த ஒரு பாதையும் வேண்டும். கல்லூரி மைதானத்தில் 400 மீட்டர் ஓடுதளம் இருந்தால் உள் பாதையில் ஒரு சுற்று 400 மீட்டர். கூகுள் மேப்பில் அளந்து வைத்துக்கொள்ளும் தூரத்தைவிட இது நம்பகமானது.

2. யாருக்கு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"எல்லோருக்கும்" என்று எழுதினால் எந்த முடிவையும் எடுக்க முடியாது. மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைக்காக மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கும் அம்மா. காலையில் பார்க்கில் நாலு ரவுண்டு போகும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும் இளைஞர். மூவரும் நடக்கிறார்கள், ஆனால் மூவருக்கும் ஒரே ஆப் பொருந்தாது.

எட்டு நடைக்கு ஜிபிஎஸ் உதவாது. தரையில் வரைந்த எட்டு முழுவதும் சில மீட்டருக்குள் அடங்கிவிடும். திறந்த வானத்திலேயே போன் ஜிபிஎஸ்ஸின் பிழை ஏறக்குறைய 5 மீட்டர். அந்த அம்மா நாற்பது நிமிடம் நடந்தாலும் வரைபடத்தில் ஒரு கிறுக்கல்தான் விழும். கிரிவலத்துக்கு நேர் எதிர். பாதை நீளமானது, ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும். ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் நெட்வொர்க்கை நம்ப முடியாது. எல்லாம் போனுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இருவருக்கும் ஆப் ஓரளவு பயன்பட்டால் லாபம்.

3. திரை வரையும் முன் அவர்களோடு நடங்கள்

திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறக்கும் முன் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதிரி ஆட்கள் மூன்று நான்கு பேருடன் ஒரு முறையாவது கூடவே நடந்துவிடுங்கள். கேள்வித்தாள் அனுப்பினால் போதாதா என்பார்கள். போதாது. போன் எங்கே இருக்கிறது என்பதை யாரும் படிவத்தில் எழுத மாட்டார்கள்.

அதுதான் முதலில் கவனிக்க வேண்டிய விஷயம். சேலைக்கும் நைட்டிக்கும் பாக்கெட் கிடையாது. போன் கையில் இருக்கும், அல்லது சின்னப் பர்ஸில், அல்லது மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் பாட்டுப் பாடிக்கொண்டு கிடக்கும். சுவரின் மேல் கிடக்கும் போன் எந்தக் காலடியையும் எண்ணாது. இதை நேரில் பார்த்த குழு, "போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடக்கத் திரையில் ஒரு வரி சேர்க்கும். பார்க்காத குழு சென்சார் கோளாறு என்று புரோகிராமைத் திருத்திக்கொண்டிருக்கும்.

அடுத்து, எப்போது திரையைப் பார்க்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், ஏன் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடைபாதை முழுவதும் பைக் நிறுத்தியிருப்பதால் ரோட்டில் இறங்குவது, ஒரு குறிப்பிட்ட தெருவை நாய்க்குப் பயந்து தவிர்ப்பது, டீக்கடையில் பத்து நிமிடம் நிற்பது எல்லாமே வடிவமைப்புக்கான தகவல்தான்.

"இந்த வசதி இருந்தால் நல்லா இருக்குமா ஆன்ட்டி?" என்று கேட்காதீர்கள். படிக்கிற பிள்ளை கேட்கிறதே என்று எல்லோரும் "நல்லா இருக்கும்பா" என்றுதான் சொல்வார்கள். "நேத்து நடந்தீங்களா? போன வாரம் எந்த நாள் விட்டுப்போச்சு, ஏன்?" என்று கேளுங்கள். நடந்ததைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும்.

இன்னொன்றும் காதில் விழும். யாரும் தாமாக "ஆறாயிரம் ஸ்டெப் நடந்தேன்" என்று பேச்சை ஆரம்பிப்பதில்லை. "அரை மணி நேரம் நடந்தேன்", "நாலு ரவுண்டு போனேன்" என்கிறார்கள். பெரிய எழுத்தில் காட்ட வேண்டியது எது என்பதற்கு இதுவே பதில்.

4. முடிவுக் குறிப்பேடு: முதல் நாளிலிருந்தே

ஒரு நோட்டு, நான்கு நெடுவரிசைகள்: தேதி, எடுத்த முடிவு, கைவிட்ட மாற்று, காரணம். அவ்வளவுதான்.

அறிக்கையில் "எங்கள் வடிவமைப்பைத் திரும்பிப் பார்க்கையில்" என்று ஒரு அத்தியாயம் கேட்பார்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதினால் "குழுவாகச் செயல்படக் கற்றுக்கொண்டோம்" என்பதைத் தவிர ஒன்றும் வராது, ஏனென்றால் பிப்ரவரியில் ஏன் வரைபடத்தை நீக்கினோம் என்பது ஏப்ரலில் யாருக்கும் நினைவில்லை. குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "நடக்கும்போது வரைபடம் காட்டுவதில்லை. மாற்று: நேரடி வரைபடம். காரணம்: கூட நடந்தவர்களில் ஒருவர்கூட நடையின் நடுவில் வரைபடம் தேடவில்லை, திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி போகிறது." இந்த மாதிரி இருபது வரி சேர்ந்தால் அந்த அத்தியாயம் பாதி எழுதியாகிவிட்டது.

5. எதை வைத்து அளப்பது

இந்த முடிவு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அவசரப்படாதீர்கள்.

ஆண்ட்ராய்டு 4.4-லிருந்து காலடிக்கென்றே இரண்டு சென்சார்கள் உண்டு. ஸ்டெப் கவுண்டர் என்பது போனைக் கடைசியாக ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து எண்ணிய மொத்தக் காலடிகளைத் தரும். பேட்டரி மிகக் குறைவாகவே செலவாகும், துல்லியமும் அதிகம். ஆனால் எண் வந்து சேர 10 விநாடி வரை தாமதமாகலாம். ஸ்டெப் டிடெக்டர் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சமிக்ஞை தரும், 2 விநாடிக்குள் வந்துவிடும், துல்லியம் கொஞ்சம் குறைவு. மொத்தக் கணக்குக்குக் கவுண்டரையும், "நிமிடத்துக்கு எத்தனை அடி" என்ற வேகத்துக்கு டிடெக்டரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போனின் அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை நேரடியாகப் படித்து நாமே காலடி கண்டுபிடிக்கலாமே என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். உங்கள் ப்ராஜெக்ட்டே சிக்னல் ப்ராசஸிங் என்றால் செய்யுங்கள், அழகான வேலை. அப்போது திரை, தரவரிசை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் செய்ய ஒரு செமஸ்டர் போதாது. பஸ் குலுங்கினால் எண்ணும், கையில் விசிறினால் எண்ணும், அதையெல்லாம் வடிகட்டுவதற்குள் பரீட்சை வந்துவிடும்.

தூரத்துக்கு இரண்டு வழி. ஜிபிஎஸ் ஒன்று, காலடி எண்ணிக்கையை ஓரடியின் நீளத்தால் பெருக்குவது மற்றொன்று. ஓரடி நீளத்துக்கு உயரத்தை 0.41 ஆல் பெருக்கும் சூத்திரம் உண்டு, அது தோராயம். ஓடுதளத்தில் ஒரு சுற்று நடக்கவிட்டால் இன்னும் நல்ல எண் கிடைக்கும். 400 மீட்டருக்கு 640 அடி என்றால் ஓரடி 62.5 சென்டிமீட்டர். எட்டு நடைக்கும் மாடிக்கும் இந்த வழி மட்டும்தான்.

ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டால் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் வரும் புள்ளிகளுக்கிடையே தூரத்தைக் கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆள் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார். புள்ளி மட்டும் இங்கும் அங்கும் இரண்டு மூன்று மீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டமெல்லாம் தூரமாகக் கூடும். நடக்கும்போதும் இதே கதைதான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 1.4 மீட்டர், பிழை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ஒவ்வொரு புள்ளியோடும் ஆண்ட்ராய்டு ஒரு துல்லிய எண் தரும். அது 10 என்றால், நீங்கள் அந்த 10 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று பொருள். மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியே! ஆகவே: துல்லியம் 20 மீட்டரைவிட மோசமான புள்ளியை எறிந்துவிடுங்கள். கடைசியாகக் கூட்டிய புள்ளியிலிருந்து நகர்ந்த தூரம் துல்லிய எண்ணைவிடக் குறைவு என்றால் கூட்டாதீர்கள், அடுத்த புள்ளிக்குக் காத்திருங்கள். வேகம் விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் அவர் நடக்கவில்லை, வண்டியில் போகிறார். ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி தாராளம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ஓடுதளத்தில் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கலோரி? விட்டுவிடுங்கள் என்பேன். எடை, மணிநேரம், 3.5 என்ற மெட் மதிப்பு (நடையின் உழைப்பு அளவு) மூன்றையும் பெருக்கினால் ஒரு எண் வரும். 60 கிலோ ஆள் அரை மணி நடந்தால் 105. கணக்கு எளிது, ஆனால் ஆளுக்கு ஆள் நிஜம் மாறுபடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிடுபவர்களும் உண்டு.

6. அழகில்லாத ஆப்: ஒரு பட்டன், ஒரு எண்

இப்போதுதான் கோடிங். வெள்ளைத் திரை, "தொடங்கு" என்று ஒரு பட்டன், நடுவில் ஒரு எண். நிறம், எழுத்துரு எதையும் தொடாதீர்கள். இது வேலை செய்யாவிட்டால் மேலே எது போட்டும் பயனில்லை.

முதல் தடுமாற்றம் பெர்மிஷனில் வரும். ஆண்ட்ராய்டு 10-லிருந்து காலடி சென்சாருக்கு ஆக்டிவிட்டி ரெகக்னிஷன் அனுமதி வேண்டும். ஆப்பின் அறிவிப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் எழுதினால் மட்டும் போதாது, ஆப் ஓடும்போது பயனரிடமும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆப் கிராஷ் ஆகாது. எண் வெறுமனே பூஜ்யத்தில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு லாஜிக்கைத் தலைகீழாக மாற்றி எழுதும் குழுக்களுக்குக் கணக்கே இல்லை. எண் நகரவில்லையென்றால் முதலில் போன் செட்டிங்ஸில் அனுமதியைப் பாருங்கள்.

இருப்பிட அனுமதியில் இன்னொரு நுணுக்கம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து பயனர் "தோராயமான இடம்" மட்டும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் தூரக் கணக்கு குப்பைதான். ஆப் அதைக் கண்டுபிடித்து, ஏன் துல்லிய இடம் வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். "எல்லா நேரமும்" என்ற பின்னணி அனுமதி கேட்கவே வேண்டாம். ஆப் திரையில் இருக்கும்போது ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் (அறிவிப்போடு ஓடும் சேவை, 7-ல் வருகிறது) தொடங்கிவிட்டால் "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதியே போதும்.

அனுமதியை ஆப் திறந்தவுடன் கேட்காதீர்கள். "தொடங்கு" அழுத்திய பின் கேளுங்கள். எதற்கு என்று அப்போது அவருக்கே புரியும்.

இரண்டாவது தடுமாற்றம் எண்ணிக்கையில். ஸ்டெப் கவுண்டர் தருவது இன்றைய கணக்கு அல்ல, ரீஸ்டார்ட்டிலிருந்து மொத்தம். நடை தொடங்கும்போது வரும் எண்ணைச் சேமித்துவைத்து, பின்னால் வருவதிலிருந்து கழியுங்கள். போன் அணைந்து எழுந்தால் கவுண்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும், கழித்தால் மைனஸ் வரும். புதிய எண் பழையதைவிடச் சிறியது என்றால் ரீஸ்டார்ட் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதுவரை எண்ணியதைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாகக் கழிக்கத் தொடங்குங்கள்.

மூன்றாவது, சேமிப்பு. "முடி" அழுத்தியதும் மொத்தமாகச் சேமிக்கலாம் என்று விடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் வரவர போனுக்குள்ளேயே இருக்கும் ரூம் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். நடுவில் போன் அணைந்தால் ஐந்து விநாடி நடைதான் போகும், முழு நடையும் அல்ல.

7. திரை அணைந்த பிறகும் ஓட வேண்டும்

மாணவர் ஆப்கள் பெரும்பாலும் செத்துப்போவது இங்கேதான். லேபில் திரையைப் பார்த்துக்கொண்டே சோதிப்பதால் தெரிவதில்லை.

ஆண்ட்ராய்டு 6-ல் வந்த டோஸ் முறை, பயன்பாட்டில் இல்லாத போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். அதைத் தாண்ட நேர்மையான வழி ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்: மேலே ஒரு அறிவிப்பு நிற்கும், ஆப் ஓடிக்கொண்டிருப்பது பயனருக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்புக்கும் தனி அனுமதி கேட்க வேண்டும். 14-லிருந்து சர்வீஸின் வகையை அறிவித்தாக வேண்டும்: இருப்பிடம் அல்லது ஆரோக்கியம். பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் இந்த இரண்டும் அதில் இருக்காது. அனுமதி இல்லாவிட்டால் அறிவிப்பு தெரியாது, வகை இல்லாவிட்டால் புதிய போனில் கிராஷ் ஆகும்.

பின்னணி வேலைகளை நேரம் வைத்து ஓட்டும் ஒர்க் மேனேஜரை வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணலாம் என்று போகாதீர்கள். திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்கு அதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம்.

இவ்வளவும் செய்த பிறகும் சில கம்பெனி போன்கள் தங்கள் சொந்த பேட்டரி சேமிப்பு ஏற்பாட்டால் ஆப்பை மூடிவிடும். இதைப் புரோகிராமால் முழுதாகத் தடுக்க முடியாது. மூடப்பட்டால் என்ன செய்வது என்பதையும் வடிவமைக்க வேண்டும். மறுபடி திறந்ததும் முடிக்கப்படாத நடை இருக்கிறதா என்று பாருங்கள், கவுண்டர் எண்ணைப் படித்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போன காலடிகள் அதில் கிடைக்கலாம். "உங்கள் நடை பாதியில் நின்றது, தொடரலாமா?" என்று கேளுங்கள். ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு இந்த வசதி இல்லை, போனது போனதுதான்.

8. எண்ணிச் சோதியுங்கள்

விரல் கவுண்டரை இப்போது எடுங்கள். 500 அடி நடந்து ஆப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். போன் கையில், சட்டைப் பையில், பேன்ட் பையில், ஹேண்ட்பேக்கில் என்று தனித்தனியாக. பிறகு மெதுவாக, வயதானவர் நடக்கும் வேகத்தில். மெதுநடையில் சென்சார் குறைத்து எண்ணும். உங்கள் பயனர் முதியவர் என்றால் இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சோதனை, டூ வீலரில் பின்னால் உட்கார்ந்து ஒரு சோதனை. இரண்டிலும் எண் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒரு மணி நேர நடைக்கு முன்னும் பின்னும் பேட்டரி சதவீதத்தைக் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் அறிக்கையில் பரிசோதகர் நின்று படிக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

9. இனி திரைகள்

காகிதத்தில் பென்சிலால் வரையுங்கள். மூன்று திரை போதும்: தொடக்கம், நடக்கும்போது, முடிந்த பிறகு. காகிதத்தில் இருப்பதைத் தூக்கி எறிய மனசு வரும், ஃபிக்மாவில் நிழலெல்லாம் வைத்து வரைந்ததை எறிய வராது.

நடக்கும்போது திரையில் ஒரே ஒரு பெரிய எண். நிமிடமா, ரவுண்டா, காலடியா என்பது 3-ம் படியில் கேட்டதைப் பொறுத்தது. வெயிலில் படிக்கும்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5-க்கு 1 இருக்கட்டும். பட்டன் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறையக் கூடாது. "முடி" பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் முடியும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பைக்குள்ளேயே நடை முடிந்துவிடும்.

தமிழில் எழுதினால் கவனிக்க வேண்டியவை தனி. ஆங்கில எழுத்துக்கு வைத்த வரி உயரத்தில் "கீ"யின் மேல் சுழியும் "கூ"வின் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். வரி உயரத்தைக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் "நிறுத்திவை" அடங்காது, ஆகவே தமிழ்ச் சொல்லை முதலில் வைத்துப் பட்டனை வரையுங்கள். போன் செட்டிங்ஸில் எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக்கிப் பாருங்கள். வயதானவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்பதற்குப் பதில் "சேமித்தாச்சு" என்றாலே போதும்.

இலக்கு என்ற இடத்தில் 10,000 காலடி என்று முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் வகுத்த எல்லைக்கோடு அல்ல. தினமும் இரண்டாயிரம் நடப்பவருக்கு அது அலுப்பைத்தான் தரும். முதல் வாரம் இலக்கே வேண்டாம், சும்மா எண்ணுங்கள். அடுத்த வாரம் அவருடைய சராசரிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். நிமிடக் கணக்கு வைப்பதானால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நிமிடத்துக்கு நூறு அடி அளவுக்கு நடந்தால் மிதமானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று நெருப்புச் சின்னம் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஐப்பசி மழையில் மூன்று நாள் விட்டவர் பூஜ்யத்தைப் பார்த்து நான்காம் நாளும் விட்டுவிடுவார். "இந்த மாதம் 17 நாள் நடந்தீர்கள்" என்று காட்டினால் விட்ட நாள் உறுத்தாது.

10. கையில் கொடுத்துவிட்டு வாயை மூடுங்கள்

ஐந்து பேர் போதும், ஆனால் உங்கள் வகுப்பு நண்பர்கள் கணக்கில் வரமாட்டார்கள். போனைக் கொடுத்து மூன்று வேலை சொல்லுங்கள்: ஒரு நடை தொடங்கி முடிக்க வேண்டும், நேற்று எவ்வளவு நடந்தார் என்று பார்க்க வேண்டும், தவறாகப் பதிவான ஒரு நடையை அழிக்க வேண்டும்.

அப்புறம் பேசாதீர்கள். "இங்க பாருங்கம்மா, இந்தப் பட்டன்" என்று விரல் நீட்டிய நொடியில் சோதனை முடிந்தது. அவர் தேடட்டும், தப்பாக அழுத்தட்டும். எங்கே விரல் தயங்கியது என்பதை மட்டும் குறியுங்கள்.

பயன்படுத்த எளிதா என்று அளக்கும் எஸ்யூஎஸ் கேள்வித்தாளைக் கடைசியில் கொடுங்கள். பத்துக் கேள்வி, ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் இருக்கும். தமிழாக்கும்போது அந்த மாற்றத்தைத் தவறவிட்டால் கணக்கே தப்பு. வரும் எண் 0 முதல் 100 வரை, ஆனால் அது சதவீதம் அல்ல. 68 என்பது சராசரியாகக் கருதப்படுகிறது. ஐந்து பேரின் எண்ணை வைத்துப் பெருமையடிப்பதைவிட, எதைப் பார்த்து எதை மாற்றினோம் என்று எழுதுவது மேல்.

இது முடிந்ததும் ஆப்பை அவர்கள் போனில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஏழாம் நாளும் திறக்கிறார்களா என்பது எந்தக் கேள்வித்தாளிலும் தெரியாது.

11. வழித்தடம் என்றால் வீட்டு முகவரி

ஒருவர் தினமும் காலை நடக்கும் பாதையை வரைந்தால் இரண்டு முனையும் அவர் வீட்டு வாசலில் முடியும். எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கமாட்டார் என்பதும் தெரியும். 2018-ல் உடற்பயிற்சி ஆப்பான ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகளே தெரிந்தது செய்தியானது.

ஆகவே எல்லாம் போனிலேயே இருக்கட்டும். சர்வர் இல்லையென்றால் லாகின் வேண்டாம், கடவுச்சொல் மறந்தது என்ற திரையும் வேண்டாம். லாகினைக் கடைசியில் வைக்கச் சொன்னேன். பல ப்ராஜெக்ட்டுகளுக்கு அது தேவையே இல்லை. பாதையைப் படமாகப் பகிரும் வசதி வைத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் 200 மீட்டர் வெட்டிவிட்டுப் பகிருங்கள். சோதனையில் பங்கெடுத்தவர்களிடம் எதைச் சேகரிக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று தமிழில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைக் குழந்தைகள் என்கிறது. பள்ளி மாணவர்களிடம் சோதிப்பதானால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

வரைபடத்துக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் எடுத்தால், அதன் பெயரைத் திரையில் குறிப்பிடுவது கட்டாயம். அவர்களுடைய பொது சர்வரிலிருந்து ஊர் முழுவதையும் மொத்தமாக இறக்கிவைப்பதற்கு அனுமதி இல்லை. ஆஃப்லைன் வரைபடம் வேண்டுமென்றால் அதற்கென்று தரப்படும் கோப்புகளைத் தேடுங்கள்.

12. ப்ளே ஸ்டோரில் போட வேண்டுமென்றால்

கடைசி வாரத்தில் போட்டுவிடலாம் என்று இருக்காதீர்கள். டெவலப்பர் கணக்குக்கு ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும், அடையாளச் சரிபார்ப்பும் உண்டு. புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமானது) இருந்த பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். பின்னோக்கி எண்ணினால் சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே அந்தப் பன்னிரண்டு பேரும் தயாராக இருக்க வேண்டும். ப்ராஜெக்ட்டுக்கு ஸ்டோர் கட்டாயமில்லை என்றால் ஏபிகே கோப்பாகவே (போனில் நேரடியாக நிறுவும் கோப்பு) கொடுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

13. வைவா நாள்

செமினார் ஹாலுக்குள் ஜிபிஎஸ் ஒழுங்காக வராது. முந்தைய நாளே வெளியே நடந்து ஒரு முழுப் பதிவை இரண்டு போனிலும் வைத்திருங்கள். பிறகு போனைப் பரிசோதகர் கையில் கொடுத்து, வராண்டாவில் ஐம்பது அடி எண்ணி நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள், திரையை அணைத்துவிட்டு. திரும்பி வந்ததும் எண் 38 என்று காட்டும்; பதற வேண்டாம். "சார், பத்து விநாடி வரை தாமதமாகும்" என்று முன்பே சொல்லிவைத்திருந்தால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதி வந்து சேர்வதே உங்களுக்கு நல்ல செயல்விளக்கம். அடுத்த கேள்வி அநேகமாக "லாகின் எங்கே?" என்பதுதான். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.